உர்ர்ர்னு கத்துன கிட்டாரும் குரோம்பேட்டை மாடி ரிப்பேர் அண்ணனும்

என்கிட்ட இருக்குறது ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் எலக்ட்ரிக் கிட்டாரோட காப்பி, மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்றத சிக்னலா மாத்துற, ஒத்தச் சுருள் போட்ட காந்தம்), செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ஆம்ப்ளிஃபயர்ல (ஆம்ப்) சொருகி வால்யூம தொறந்தா உர்ர்ர்ர்னு ஒரே சத்தம், அடுப்படில இருந்து அம்மா "மிக்ஸிய யாருடா போட்டு விட்டது"ன்னு கேக்குற அளவுக்கு. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால அந்தச் சத்தம் கிட்டத்தட்ட ஜி நோட்டுல வரும், கொஞ்சம் ஏத்தமா. ஜி ஸ்கேல்ல வாசிச்சா ஓசில சுருதிப்பெட்டி! மொதல்ல காட்டுன கடையில கிட்டார கையில கூட வாங்கிப் பாக்காம "பிக்கப் போச்சு, மூணையும் மாத்தணும், 6500 ஆவும்"னுட்டாங்க. அங்க இருந்து கெளம்பி வந்தவன்தான்.

அப்புறம் ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லி குரோம்பேட்டை பக்கம் இந்த அண்ணன்கிட்ட போனேன், வீட்டு மாடியில ஒரு ஷெட், போர்டு கெடையாது, விளம்பரமும் வேணாம்னுட்டார், அதனால பேர் போடல. மனுஷன் ஸ்க்ரூ டிரைவரையே தொடல, கேள்வியா கேட்டார். கம்பியத் தொட்டா சத்தம் குறையுதா, கூடுதா, அப்படியே இருக்கா? குறைஞ்சா கிரவுண்ட் (எர்த் பக்கம் போற வயர்) ஓகே, உள்ள ஷீல்டிங்தான் (வெளி இரைச்சல தடுக்குற உலோகக் கவசம்) பத்தல. கூடுனா கேபிள் சொருகுற ஜாக்ல ஹாட்டும் (சிக்னல் வர்ற வயர்) கிரவுண்டும் மாறிக் கெடக்கலாம், இல்லன்னா சுவத்துல இருக்குற ப்ளக் பாயிண்ட்லயே எர்த் இருக்காது. எனக்கு ரெண்டும் இல்ல, கம்பியத் தொட்டாலும் ஒண்ணுதான் தொடலைன்னாலும் ஒண்ணுதான், ஆனா அந்த ஜாக் தகட்ட தொட்டா மட்டும் சத்தம் நல்லா குறையுது.

"அப்போ கம்பிக்கு கிரவுண்டே வரல தம்பி"ன்னு சொல்லிட்டு மல்ட்டிமீட்டர பீப் மோடுல வச்சு ஒரு முனைய ஜாக் தகட்டுலயும் இன்னொரு முனைய கம்பியிலயும் வச்சார், பீப் வரல. பின்பக்க மூடியக் கழட்டுனா ஸ்ப்ரிங் எல்லாம் மாட்டியிருக்குற இரும்பு நகம் மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதுல ஒரு கருப்பு வயர் ஒட்டியிருந்துச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. விரலால லேசா இழுத்தார், பொட்டுனு கையோட வந்துருச்சு. ஈயம் பளபளன்னு இல்லாம சாம்பல் உருண்டை மாதிரி உக்காந்திருந்துச்சு. அந்த இரும்பு கனமானது, சூட்ட எல்லாம் குடிச்சிடும், 25 வாட் அயர்ன் வச்சு தடவுனா ஈயம் மேல உக்காரும், ஆனா புடிக்காதாம். அரத்தால ரெண்டு தேய்ப்பு தேய்ச்சுட்டு 60 வாட் அயர்ன்ல வச்சார், பீப் வந்துச்சு. மொத்தமே பத்து நிமிஷம், இதுக்குத்தான் 6500 கேட்டாங்க!

பாதி சத்தம் போச்சு, மீதி இருந்துச்சு. சேர்ல உக்காந்தபடியே கிட்டாரோட மெதுவா சுத்தச் சொன்னார், ஒரு கோணத்துல சத்தம் நல்லா அடங்குது, திரும்பினா ஏறுது. அது ஃபால்ட் இல்ல, சிங்கிள் காயிலோட பொறவிக் குணம், பக்கத்துல ஓடுற டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் ஆன்டெனா மாதிரி இழுக்கும். இதுக்குத்தான் 1955-லயே கிப்சன்ல சேத் லவர் ரெண்டு காயில எதிரெதிரா போட்டு, ஒண்ணோட சத்தத்த இன்னொண்ணு அடக்குற ஹம்பக்கர் பிக்கப்ப கொண்டு வந்தார். என் கிட்டார்ல நடு பிக்கப் தலைகீழா சுத்துனது, அதனால பிக்கப் மாத்துற சுவிட்ச் 2-லயும் 4-லயும் வச்சா நடு பிக்கப்பும் பக்கத்து பிக்கப்பும் சேந்து சத்தம் தானா அடங்கிடும். நானும் ரெண்டு வருஷமா வாசிக்கிறேன், கவனிச்சதே இல்ல.

ஷீல்டிங்குக்கு உள்ள காப்பர் டேப் ஒட்டித் தரச் சொன்னேன், செஞ்சார், ஆனா காசு வாங்குறதுக்கு முன்னாடியே "இது ஜ்ஜ்ஜ்னு வர்ற இரைச்சலத்தான் நிறுத்தும், உர்ர்ர்ர நிறுத்தாது, பரவாயில்லையா"ன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சார், இந்த நேர்மை எனக்குப் புடிச்சிருந்துச்சு. டேப் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற எடத்துல எல்லாம் ஒரு சொட்டு ஈயம் வச்சிருந்தார், ஏன்னா டேப்போட பசை சிலதுல கரண்ட கடத்தாது.

குறையும் இருக்கு. ரெண்டு நாள்னு சொல்லி ஒம்போது நாள் ஆக்கிட்டார். வீட்டுக்கு வந்து கேபிள அழுத்திச் சொருகுனா சத்தமே இல்ல, செத்துப்போச்சு கிட்டார். ஜாக்கோட ஹாட் தகடு காப்பர்ல இடிச்சு ஷார்ட் ஆகுது. திரும்ப குரோம்பேட்டை, வெயில்ல பஸ் புடிச்சு. துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தார், அதுக்கு காசு வாங்கல, ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆட்டிப் பாத்திருக்கலாம்ல.

மிச்சம் இருக்குற சத்தம் எங்க வீட்டு வயரிங்கோட வேலைதான்னு அவரே சொல்லி அனுப்பினார். ஃபேன் ரெகுலேட்டர் 3-ல இருந்தா ஜ்ஜ்ஜ்னு வருது, 5-ல வச்சா ஆளே இல்ல. எலக்ட்ரீஷியன வரச்சொல்லி ப்ளக் பாயிண்ட கழட்டுனா, மேல இருக்குற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி எர்த் வயரே இல்ல! இத்தன நாளா அந்த ஆம்ப்லதான் வாசிச்சிருக்கேன். 1972-ல பிரிட்டன்ல இருக்குற ஸ்வான்சீல மேடையிலயே கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி கிரவுண்ட் இல்லாத மைக்கத் தொட்டு செத்துப்போனது தெரியும், இருந்தும் பாயிண்ட செக் பண்ணத் தோணல பாருங்க. சத்தம் வருதுன்னு எர்த் பின்ன ஒடச்சுட்டு சொருகுற ஆளுங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க.

மொத்தம் காப்பரோட சேத்து 850 ரூபா. அவசர கச்சேரி இருந்தா போகாதீங்க, டைம் கெடந்தா கண்ண மூடிட்டு போலாம். உங்க கேபிளயும் எடுத்துட்டுப் போங்க, அதையும் சேத்து செக் பண்ணுவார். ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், சர்ச் சவுண்டுக்குப் போயிடுவார்.