பழைய பீரோ கதவில் குஷன் தலைமாடு: எந்தப் பலகை தேறும், எது தேறாது

குஷன் தலைமாடு என்பது கட்டிலின் தலைப்பக்கம் முதுகு சாய நிறுத்தும் மெத்தைப் பலகை. கடையில் விற்பதன் பின்பக்கத் துணியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பலகை, அதன்மேல் ஃபோம், அதன்மேல் துணி, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் வரிசை. வேறொன்றும் இருக்காது. அந்தப் பலகை பல வீடுகளில் மொட்டை மாடியிலோ பரணிலோ சும்மா கிடக்கிறது: கழற்றிப் போட்ட மர பீரோவின் கதவு, மாற்றிய அறைக்கதவு, பழைய கம்ப்யூட்டர் மேசை, உடைந்த கட்டில். இவற்றில் எது குஷன் அடிக்கத் தேறும் என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: பின் பிடித்து நிற்கிறதா? பலகை பார்க்க எப்படி இருந்தாலும் ஃபோம் மறைத்துவிடும். பின் பிடிக்காவிட்டால் ஆறே மாதத்தில் துணி தொய்ந்துவிடும்.

சோதனை எளிது. பலகையின் பின்பக்கம் 8 மி.மீ. பின் ஒன்றை அடித்து, திருப்புளி நுனியால் நெம்ப வேண்டும். நல்ல பிளைவுட்டில் பின் முரண்டு பிடிக்கும். வரும்போது மரநாரையும் இழுத்துக்கொண்டு வரும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் தூளோடு சட்டென்று கழன்று வரும்.

இந்தக் கணக்கில் முதலிடம் 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட் பீரோ கதவுக்கு. அதிலும் வெளிப்பக்கம் சன்மைக்கா ஒட்டி, உள்பக்கம் வெறும் பெயின்ட் அடித்த பழைய கதவு கிடைத்தால் விடவே கூடாது. இரண்டு பக்கமும் மைக்கா இருந்தால் கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் கன்னில் அடிக்கும் பின் அதைத் துளைக்காமல் மடங்கிப் படுத்துவிடும். அப்போது பின்பக்கத்தில் ஓரம் சுற்றி 2 அங்குல அகலத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் பட்டையைத் திருகு போட்டு முடுக்கி, அந்தப் பட்டையில் பின் அடிக்கலாம். வேலை கூடும், ஆனால் கதவு வீணாகாது.

அறைக்குப் போட்ட ஃபிளஷ் கதவை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் உள்ளே காகிதத் தேன்கூடுதான்; ஓரச் சட்டத்தைத் தவிர வேறெங்கும் பின்னோ திருகோ நிற்காது. அளவுக்கு அறுத்தால் அந்தச் சட்டமும் போய்விடும். கெட்டியான 30 மி.மீ. கதவு என்றால் பின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எடைதான் இடைஞ்சல். 62 அங்குலத்துக்கு 26 அங்குலம் அறுத்தாலே 20 கிலோவை நெருங்கும். சுவரில் மாட்ட அது சரிவராது. கால் வைத்துத் தரையில் நிறுத்தத் தேறும்.

பார்ட்டிகிள் போர்டு மேசைப் பலகையை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க முடியாது. தண்ணீர் பட்ட ஓரம் ஏற்கெனவே உப்பியிருக்கும், விளிம்பில் திருகு போட்டால் பிளக்கும். இரும்புக் கட்டிலில் பின் அடிக்க வழியே இல்லை. குழாயில் யு-கிளாம்ப் போட்டுத் தனியாக ஒரு பிளைவுட்டைப் பிடிக்க வேண்டும்.

எந்தப் பழைய மரமானாலும் வீட்டுக்குள் கொண்டுவரும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். இணைப்புகளிலும் திருகு ஓட்டைகளிலும் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. தலைமாடு என்பது இரவெல்லாம் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் பொருள். இங்கே ‘பரவாயில்லை’ என்று விடக்கூடாது. அதே காரணத்துக்காகப் பழைய சோபாவின் ஃபோமை எடுத்து வைக்கும் யோசனையும் வேண்டாம். மூட்டைப்பூச்சி பயம் ஒரு பக்கம். மஞ்சளாகிப் போன ஃபோம் கையால் கசக்கினாலே உதிரும் என்பது மறுபக்கம். பழசு பலகையோடு நிற்கட்டும். ஃபோமும் துணியும் புதிதாக இருக்கட்டும்.

இனி அளவு. 60 அங்குல அகலக் கட்டிலுக்கு ஒரே பலகையாகச் செய்வதைவிட, 6 பலகைகளாகச் செங்குத்தாகப் பிரித்துக் குஷன் அடிப்பதே பீரோ கதவுக்குக் கச்சிதமாக ஒத்துவரும். 84 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் உள்ள ஒரு கதவை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் ஒன்பதே முக்கால் அங்குலப் பட்டை இரண்டு வரும். ஒவ்வொரு பட்டையிலும் 26 அங்குலத் துண்டு மூன்று. ஆக ஒரே கதவில் 6 துண்டுகள், அதற்கு மேல் 5 அங்குலத்துக்குக் குறையாமல் மிச்சம். கதவின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி அடுக்கு விட்டிருந்தால் அந்த மிச்சத்தை அங்கே வெட்டி எறியலாம். ஏன் முழுதாக 10 அங்குலம் வைக்கக் கூடாது? துணி இரண்டு பக்கமும் மடங்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 3, 4 மி.மீ. கூடும். ஆறையும் சேர்த்தால் ஒரு அங்குலம் வரை கட்டிலை மீறி வெளியே நீட்டும்.

கீல் இருந்த 35 மி.மீ. குழிகள் எந்தத் துண்டில் வந்தாலும் அந்தப் பக்கத்தை ஃபோம் இருக்கும் முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் வைத்தால் பின் அடிக்கும் வரிசையில் சரியாக அந்தக் குழிதான் வந்து நிற்கும். உள்பக்கம் பெயின்ட் அடித்த கதவானால் பின் அடிக்க வேண்டியது அந்தப் பெயின்ட் பக்கம், குழி இருப்பதும் அதே பக்கம்தான். அப்போது குழியில் மரத்துண்டைப் பசை வைத்து இறுக்கி, காய்ந்தபின் சமப்படுத்திவிட்டுப் பின் அடிக்கலாம். மக்கு (புட்டி) வைத்து அடைத்தால் போதாது, அதில் பின் நிற்காது.

ஃபோம் ஒன்றரை அங்குலம், 32 டென்சிட்டி (அடர்த்தி). உட்காரும் இடத்துக்கு 40 தேவைப்படலாம். முதுகு சாய 32 தாராளம். 6 அடிக்கு 3 அடி தாள் ஒன்றில் ஆறு துண்டும் வந்துவிடும். ஃபோமைப் பலகை அளவுக்குச் சரியாக வெட்ட வேண்டும், வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் பக்கத்துத் துண்டோடு நெருங்கி இடுக்கு கோணலாகும். ஒட்ட ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசை நல்லது. மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை ஃபோமுக்கு அடியில் காயவே நாளாகும். ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை 10 நிமிடம் போலக் காத்திருந்து அழுத்த வேண்டும். சன்மைக்கா பக்கம் என்றால் முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவது அவசியம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும்.

துணிதான் இதில் செலவு கூடும் இடம், தவறும் இங்கேதான் அதிகம். சோபா துணியும் ரெக்ஸினும் பெரும்பாலும் 54 அங்குல அகலம். முழுப் பலகைக்கு அது குறுக்கே எட்டாது; துணியைப் படுக்கவைத்துப் போட்டால் பூ வேலைப்பாடும் படுத்துவிடும். ஆறு துண்டாகச் செய்யும்போது இந்தச் சிக்கலே இல்லை. ஒரு துண்டுக்குச் சுற்றிலும் மூன்றே முக்கால் அங்குலம் மடிப்பு சேர்த்தால் பதினேழே கால் அங்குலத்துக்கு முப்பத்து மூன்றரை. 54 அங்குலத்தில் மூன்று வரும், இரண்டு வரிசைக்கு 67 அங்குலம். 2 மீட்டர் வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். பிறகு ஒரு துண்டு மட்டும் கறைபட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

கறை என்றால் முதன்மையாகத் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் தலைமாட்டுத் துணியைக் கெடுப்பது தூசியைவிட எண்ணெய்தான். கரூர், சென்னிமலைப் பக்கத்துக் கெட்டிப் பருத்தித் துணி பார்க்க அழகு, வெயில் காலத்தில் முதுகுக்கு இதம், ஆனால் எண்ணெயை அப்படியே உறிஞ்சும். எண்ணெய் வைப்பவர்கள் வீட்டில் பருத்தி வேண்டுமென்றால் அடர் நிறமாக எடுத்து, தலை படும் நடுத் துண்டுகளுக்குக் கழற்றித் துவைக்கும் உறை தைப்பது மேல். வெட்டும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் உறை முதல் துவைப்பிலேயே சுருங்கும். ரெக்ஸினைத் துடைத்துவிடலாம். வாங்கும்போது பி.வி.சி.யா பி.யு.வா (பாலியூரித்தேன்) என்று கேட்டு வாங்க வேண்டும். தொட மென்மையாக இருக்கும் மலிவான பி.யு. ரெக்ஸின் கடலோர ஈரக்காற்றில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியும். பி.வி.சி. கொஞ்சம் விறைப்பு, வேர்க்கும், ஆனால் தாக்குப்பிடிக்கும். வெல்வெட் எடுத்தால் ஆறு துண்டிலும் அதன் மென்மயிர் ஒரே பக்கம் படியும்படி, வெட்டும் முன்பே ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸால் மேல்நோக்கி அம்புக்குறி போட வேண்டும். ஒரு துண்டு மாறினாலும் விளக்கு வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

பின் அடிக்கும் வரிசை மாறினால் சுருக்கம் விழும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி ஒரு அங்குல இடைவெளியில், மூலை கடைசியில். மேல்பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுக் கீழே இழுப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கட்டம் போட்ட துணி அங்கேயே கோணிவிடும். பின் முழுதாக இறங்காமல் நின்றால் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரைக் கீறும்.

ஆறையும் குப்புறப் போட்டு வரிசைப்படுத்தி, குறுக்கே 12 மி.மீ. கனமுள்ள இரண்டு பட்டைகளை வைத்து 25 மி.மீ. திருகால் முடுக்க வேண்டும், துண்டுக்கு ஒரு பட்டையில் இரண்டு வீதம். 35 மி.மீ. திருகு போட்டால் நுனி பலகையைத் தாண்டி ஃபோமுக்குள் வந்து முதுகில் குத்தும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டாம். 3 அங்குல அகலச் சட்டம் இரண்டைக் காலாகப் பின்னால் முடுக்கிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தலாம். குஷனின் கீழ்விளிம்பு மெத்தை மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே இருந்தால்தான் தலையணை இடுக்கில் விழாது.

தரைத்தளத்திலோ மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலோ ஓதம் இருந்தால் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டக் கூடாது, கால் சட்டத்தின் கன அளவுக்காவது இடைவெளி விட வேண்டும். பின்பக்கத்தைக் கருப்பு நான்-ஓவன் (நெய்யாத) துணியால் மூடலாம். காற்று போகும், பின் வரிசையும் மறையும். அங்கே ரெக்ஸின் மிச்சத்தை வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஐப்பசி மழை முடிவதற்குள் பலகையில் பூஞ்சை பூத்துவிடும்.