30 ஆம்ப் டிசி டூ டிசி சார்ஜர்: மோட்டார் ஹோம்ல ஆறு மாசம் யூஸ் பண்ண அனுபவம்

நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து நிறுத்துனாலும் காலைல ஹவுஸ் பேட்டரி (வண்டிக்குள்ள லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓட்டுறது) 12.2 வோல்ட்டுல நிக்கும், அதாவது ஏறக்குறைய பாதிதான் சார்ஜ். பேட்டரிதான் போச்சுன்னு நெனச்சு ரெண்டையும் புதுசா மாத்துனேன், அப்பவும் அதே கதை. உங்க வண்டியிலயும் இப்படி இருந்தா பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

என் வண்டியில முதல்ல இருந்தது இஞ்சினோட ஸ்டார்ட்டர் பேட்டரியையும் ஹவுஸ் பேட்டரியையும் வோல்டேஜ் பாத்து சேர்க்குற சாதாரண ரிலேதான் (தானா ஒட்டி விடுற ஸ்விட்ச்), 13.3 வந்தா டிக்குனு ஒட்டும், 12.8க்கு கீழ போனா விட்டுடும். ஸ்டார்ட் பண்ணதும் ஸ்டார்ட்டர் பேட்டரியில 14.3 காட்டுச்சு, கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா 12.7, ரிலே எப்பவோ விட்டுடுச்சு. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுக்குற, வோல்டேஜைத் தானா மாத்திக்கிற ஜெனரேட்டர்) உள்ள வண்டிங்க எல்லாம் இப்படித்தான், தன்னோட பேட்டரி நிறைஞ்சதும் டீசல் மிச்சம் பண்ண வோல்டேஜை இறக்கிடும், பின்னாடி இன்னொரு பேட்டரி காஞ்சு கெடக்குறது அதுக்குத் தெரியாது. அதுக்காகத்தான் ஸ்டார்ட்டர் பேட்டரியில இருந்து கரண்ட் எடுத்து ஹவுஸ் பேட்டரிக்கு ஏத்துற இந்த டிசி டூ டிசி சார்ஜரை வாங்குனேன். உள்ள வர்றது 12.5 ஆ இருந்தாலும் வெளிய 14.4 ஆ தூக்கிக் குடுக்கும், நிறைஞ்சதும் 13.5 ஃப்ளோட்டுக்கு (நிறைஞ்ச பேட்டரியை அப்படியே நிறைவா வச்சிக்கிற வோல்டேஜ்) இறங்கிடும்.

மாட்டுன முதல் நாள் கிளாம்ப் மீட்டர்ல (வயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்ப் காட்டுற மீட்டர்) பாத்தா 24 ஆம்ப்தான். மட்டமான சரக்குன்னு திருப்பிக் குடுக்கவே போயிட்டேன். எதுக்கும் பாக்கலாம்னு மீட்டரோட ஒரு முனையை ஸ்டார்ட்டர் பேட்டரி ப்ளஸ்லயும் இன்னொன்னை சார்ஜரோட இன்புட் ப்ளஸ்லயும் வச்சு ஓடும்போதே பாத்தேன், 0.6 வோல்ட் அந்த ஒரே வயர்ல போகுது. ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டா கை வைக்க முடியல, பிளாஸ்டிக் ஓரமா பழுப்பா நெறம் மாறியிருந்துச்சு, வயர் முனையில மாட்டுற லக்கை சரியா கிரிம்ப் பண்ணாம (அழுத்திப் பிடிக்காம) விட்டிருக்கோம். அதை வெட்டிட்டு புது லக் அடிச்சு, எர்த் வயர் உக்கார்ற சேஸிஸ் இடத்துல பெயிண்ட்டை இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி மாட்டுனதும் 29 ஆம்ப் வந்துச்சு. வெளிய 30 ஆம்ப் குடுக்கணும்னா உள்ள 40 கிட்ட இழுக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க, 16 ஸ்கொயர் எம்எம் கேபிளும் ரெண்டு பேட்டரி பக்கமும் ஃப்யூஸும் கண்டிப்பா வேணும்.

இன்னொரு விஷயம், இதுக்கும் சார்ஜர் மேலதான் பழி போட்டேன். வண்டியை நிறுத்திட்டு இன்வெர்ட்டர் போட்டா ராத்திரிக்குள்ள பேட்டரி சரசரன்னு இறங்கும், இவ்வளவுக்கும் ஓடுறது ஒரு லேப்டாப்தான். கடைசில பாத்தா டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வெளிக் கரண்ட், இன்வெர்ட்டர் ரெண்டுல ஒண்ணை மாத்தி விடுறது) இன்வெர்ட்டர் பக்கம் மாறுனதும் வெளிக் கரண்ட்டுல இருந்து பேட்டரிக்கு ஏத்த வேண்டிய தனி மெயின்ஸ் சார்ஜருக்கும் கரண்ட் போயிருக்கு, அதாவது பேட்டரியில எடுத்து இன்வெர்ட்டர்ல ஏத்தி அதே பேட்டரிக்குத் திரும்ப சார்ஜ் பண்ணிட்டு இருந்திருக்கு, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சூடா வீணாகும். எலக்ட்ரீஷியனை வச்சு மெயின்ஸ் சார்ஜர் லைனை டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சுக்கு முன்னாடி, வெளிக் கரண்ட் மட்டும் வர்ற பக்கம் மாத்துனோம், சரியாப் போச்சு. இன்வெர்ட்டர் ஆன் பண்ணிட்டு உங்க மெயின்ஸ் சார்ஜர் லைட் எரியுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க, எரிஞ்சா இதேதான் பிரச்சனை.

சார்ஜர்ல குறைன்னு சொல்லணும்னா சூடு. ஃபேன் கிடையாது, சீட்டுக்கு அடில மூடுன பெட்டிக்குள்ள வச்சிருந்தேன், ஒரு மணி நேரத்துல தானா கரண்ட்டைக் கொறச்சு 20க்கு வந்துடும். செங்குத்தா நிறுத்தி சுத்திலும் நாலு விரல்கடை இடம் விட்டதுக்கு அப்புறம் கொறையல. அப்புறம் இஞ்சின் ஓடுதான்னு வோல்டேஜை வச்சே கண்டுபிடிக்கிற வசதியை ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில நம்ப வேணாம், நடு வழியில ஆஃப் ஆயிடும், இக்னிஷன்ல இருந்து ஒரு சின்ன வயர் இழுத்துக் குடுத்துடுங்க. மேனுவல்ல இது கடைசிப் பக்கத்துல ரெண்டே வரியில இருக்கு, முதல் பக்கத்துல போட்டிருக்கணும். லித்தியம் வச்சிருக்கவங்க செட்டிங்கை ப்ளூடூத்ல மாத்திட்டுத்தான் ஆன் பண்ணணும், 0 டிகிரிக்குக் கீழ லித்தியத்துக்கு சார்ஜ் ஏத்தவே கூடாது, உங்க பேட்டரியோட பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்) அதைத் தடுக்குதான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன். இப்பல்லாம் ஒரு நாள் ஓட்டிட்டு வந்து நிறுத்துனா, ராத்திரி ஃப்ரிட்ஜ், லைட், வாட்டர் பம்ப் எல்லாம் ஓடியும் காலைல 12.5க்குக் கீழ போறதில்ல.