ஆவ் மாத இரவு உணவு: பாலாடைக்கட்டியா, பருப்பா?

எருசலேமின் இரண்டு ஆலயங்களும் அழிந்த துயரை நினைந்து, யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் பிறந்ததிலிருந்து ஒன்பதாம் நாள் நோன்பு வரை அஷ்கெனாசி யூதர்கள் (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினர்) சனிக்கிழமை ஓய்வுநாள் நீங்கலாக இறைச்சியையும் திராட்சை மதுவையும் விலக்குகிறார்கள். செபராதி யூதர்களில் (ஸ்பெயின் வழி மரபினர்) சிலருக்கு நோன்பு வரும் வாரம் மட்டுமே இந்தக் கட்டுப்பாடு.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பாலுணவு எளிதாகக் கைகொடுக்கும். பாலாடைக்கட்டி தூவிச் சுட்ட மக்ரோனியை யாரும் மறுப்பதில்லை. ஆயினும் அது சீக்கிரம் திகட்டும். துக்க நாளுக்கு விருந்தின் சாயலையும் கொண்டுவந்துவிடும்.

பருப்பு அப்படியன்று. யூதர்களின் மூதாதை ஆபிரகாம் இறந்தபோது துக்கத்திலிருந்த அவர் மகன் ஈசாக்குக்காகவே பேரன் யாக்கோபு பருப்புக் கூழ் காய்ச்சினார் என்பது யூத மரபு. சிரியா யூதர்கள் சமைக்கும் முஜத்தராவில் அரிசியும் தோல் நீக்காத மைசூர்ப் பருப்பும் ஒன்றாக வேகும். ஆலிவ் எண்ணெயில் கரும்பழுப்பாகும்வரை பொறுமையாக வதக்கிய வெங்காயத்தில் பாதியைக் கிளறிச் சேர்த்து, மீதியை மேலே பரப்புவார்கள். யூத உணவு நெறி இறைச்சியையும் பாலையும் கலக்க விடாது; இரண்டு வகையிலும் சேராத இதை, இரண்டுக்கும் பயன்படுத்தாத பொதுப் பாத்திரத்தில் சமைத்தால், எஞ்சியதை ஓய்வுநாள் இறைச்சியோடும் பரிமாறலாம்.

என் தேர்வு பருப்பே. பிள்ளைகள் முகம் சுளித்தால், இறைச்சி சமைக்காத பாத்திரத்தில் ஆக்கியதாக இருக்கும்பட்சத்தில், பக்கத்தில் தயிர் வைக்கலாம். சிரியா யூதர் வீடுகளிலும் அதுவே வழக்கம்.