மேப்பயோமாஸ் வரைபடம்: அடங்கல் இருக்கிறது, சிட்டா இல்லை

பிரேசிலின் நிலப்பயன்பாடு 1985 முதல் ஆண்டுதோறும் எவ்வாறு மாறியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டும் மேப்பயோமாஸ் இணைய வரைபடத்தை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் இல்லை, தமிழும் இல்லை. வேதாரண்யம் பக்கத்தில் வயல்கள் இறால் குட்டைகளானதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், செராடோ என்னும் சவன்னா நிலத்தில் சோயா பரவிய விதத்தை அறிய விரும்பினேன்.

ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட், அதாவது ஒரு மாவில் மூன்றில் இரண்டு பங்கு. பாகியா மாநிலத்தின் மேற்கு மேட்டுநிலத்தைத் திறந்து ஆண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினால், புல்லும் குட்டை மரங்களும் கலந்த பரப்பு இளஞ்சிவப்பு வயல்களாக மாறிக்கொண்டே போவதைக் காணலாம். இதன் காரணங்களை வரைபடம் சொல்வதில்லை. 1973இல் தொடங்கப்பட்ட எம்பிராபா என்னும் பிரேசில் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனம் அமில மண்ணைச் சுண்ணாம்பால் திருத்தும் முறையையும் வெப்பமண்டலத்துக்கேற்ற சோயா ரகங்களையும் கொடுத்தது. புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று வணிக நிறுவனங்கள் செய்துகொண்ட 2006ஆம் ஆண்டின் சோயா தடை ஒப்பந்தமோ அமேசானை மட்டுமே காத்தது. தனியார் நிலத்தில் இயற்கைத் தாவரங்களுக்காக ஒதுக்க வேண்டிய பங்கு அமேசான் காட்டில் 80 சதவீதம், செராடோவின் பெரும்பகுதியில் 20 சதவீதம்தான்.

இயற்கைப் புல்வெளியையும் விதைத்த மேய்ச்சல் நிலத்தையும் வரைபடம் சில இடங்களில் குழப்பிக்கொள்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: இது நிலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அடங்கல், நிலம் யார் கையில் இருக்கிறது என்று சொல்லும் சிட்டா அன்று. பத்திரமில்லாமல் தலைமுறைகளாக மாடு மேய்த்த மக்களிடமிருந்து மேட்டுநிலம் பண்ணைகளுக்குப் போனது. பின்னர் அவர்கள் குடியிருக்கும் பள்ளத்தாக்குகளையே சில பண்ணைகள் தங்கள் சட்டப்படியான ஒதுக்கீடாகக் கணக்குக் காட்டின. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் பச்சையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரிலும் சுற்றியிருந்த வயல்கள் குட்டைகளானதும் மேய்ச்சல் புறம்போக்குக்குப் போகும் வழி வேலிக்குள் அடைபட்டது; கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் அது இன்னும் மேய்ச்சல் புறம்போக்குதான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கைப்பேசியில் வேண்டாம், கணினியில் பாருங்கள். 1985ஐயும் அண்மை ஆண்டையும் மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாமல், இடையிலுள்ள ஆண்டுகளையும் நகர்த்திப் பாருங்கள்.