டிக்கா, எஃப்.எஸ்.டபிள்யூவா? 6061 அலுமினியத்தில் சூடு தின்னும் பலம்

மதுரையில் கப்பலூர், கே.புதூர் பக்கம் அலுமினிய வேலை என்றால் டிக் வெல்டிங்தான், அதாவது டங்ஸ்டன் முனையின் மின்பொறியில் உலோகத்தை உருக்கி ஒட்டுவது. ஆர்கான் சிலிண்டர், ஏசி மெஷின், கை பழகிய வெல்டர் இருந்தால் வண்டி ஓடிவிடும். அதற்குப் போட்டி ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங், அதாவது எஃப்.எஸ்.டபிள்யூ. 1991இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் பிறந்தது. சுழலும் டூலைத் தகடுகளின் இணைப்புக்குள் அழுத்தி நகர்த்தினால், உலோகம் உருகாமல் குழைந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டையும் உரசிப் பார்க்க, சூட்டில் பதப்படுத்திப் பலமேற்றிய 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகடுதான் சரியான கல். அதன் பலம் உள்ளே விளைந்திருக்கும் நுண்ணிய மக்னீசியம்-சிலிக்கான் துகள்களில் இருக்கிறது. ஏறக்குறைய 175 டிகிரியில் மணிக்கணக்காக வைத்து வரவழைத்த பலம் அது. 250, 300 டிகிரியைத் தாண்டினாலே அந்தத் துகள்கள் பருத்துப் பயனற்றுப் போகும். டிக்கில் 650 டிகிரிக்கு மேல் உருக்குகிறோம். ஓரத்தில் அகலமான பட்டை மெத்தென்று ஆகிவிடும். தகட்டின் இழுவிசை பலம் சுமார் 310 மெகாபாஸ்கல். டிக் வெல்டு போட்டபின் 165 என்று வைத்துத்தான் டிசைன் கணக்குப் போடுகிறார்கள். வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அறுவது பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான்.

எஃப்.எஸ்.டபிள்யூவில் சூடு 400 முதல் 500 டிகிரி வரை. “உருகவில்லையே, பலம் அப்படியே நிற்கும்” என்பவர்களை நம்ப வேண்டாம். அந்தச் சூடே துகள்களைக் கெடுக்கப் போதும். நல்ல செட்டிங்கில் தகட்டின் பலத்தில் 60 முதல் 80 சதவீதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

செட்டிங்தான் இங்கே பாதி வேலை. சுற்று கூடினால் சூடு கூடும், நகர்வு வேகம் கூடினால் சூடு குறையும். மெதுவாகப் போனால் பத்திரம் என்று வெல்டருக்குத் தோன்றும். இங்கே அது பலத்தைத் தின்னும். ஓரத்தில் பிசிறு கிளம்பும், மெத்துப் பட்டையும் அகலும். ரொம்ப வேகமாகப் போனாலோ உலோகம் சரியாகக் குழையாமல் அடியில் சுரங்கம் போல ஓட்டை ஓடும். மேலே பிறை பிறையாக அழகான வரிகள் இருக்கும், வெட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஓட்டை விழாத எல்லைக்குள் முடிந்தவரை வேகமாக ஓட்டுவதே என் கட்சி.

5083 என்ற இன்னொரு அலுமினியக் கலவைத் தகடு என்றால் பேச்சே வேறு. அது சூட்டுப் பதத்தில் பலம் பெறுவதில்லை. பதமிளக்கிய தகட்டில் எந்த முறையிலும் பலம் பெரிதாகக் குறையாது. கோணல் குறையும், காற்றுக்குமிழி இருக்காது என்பதற்காக மட்டும் எஃப்.எஸ்.டபிள்யூ பக்கம் போகலாம்.

பழைய மில்லிங் மெஷினிலேயே செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் டூல் கீழ்நோக்கித் தரும் அழுத்தத்துக்கு அந்த ஸ்பிண்டில் பேரிங் செய்யப்பட்டதல்ல. அடியில் கனமான இரும்புத் தகடும் அசையாத கிளாம்பும் வேண்டும். முடிவில் டூலின் நுனி முளை வெளியேறும் இடத்தில் குழி நிற்கும்; ஒரு துண்டைக் கூடுதலாக வைத்துக் குழியை அதில் விட்டு அறுத்தெறியலாம். அதனால் நீளமான நேர்க்கோட்டு 6061 பேனல் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் எஃப்.எஸ்.டபிள்யூ. வளைவு, பைப், பிராக்கெட், ரிப்பேர் எல்லாம் டிக்குக்கே.

சோதனைத் துண்டு இழுக்கக் கொடுத்தால் எண்ணை மட்டும் வாங்கி வராதீர்கள், எங்கே அறுந்தது என்றும் பாருங்கள். எஃப்.எஸ்.டபிள்யூ துண்டு கலங்கிய நடுப்பகுதியிலேயே பிளந்திருந்தால் முதலில் சுரங்க ஓட்டையைத் தேடுங்கள். பக்கத்து மெத்துப் பட்டையில் அறுந்திருந்தால் இணைப்பு சரி, இனி குறைக்க வேண்டியது சூடு.