தகிட, தகிட: பிரீஸ்டைலில் கையும் காலும் சேரும் இடம்

மலைநாட்டு நீச்சல் தடாகங்களில் பிரீஸ்டைல் பழகுபவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "கை போகுது, கால் நின்னுருது." அதற்கு மருந்தாகக் கால் பலத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். பல மாதம் பழகிப் பார்த்தால், குறை பலத்தில் இல்லை, எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பது புரியும்.

வலது கை ஒன்று, இடது கை ஒன்று சேர்ந்தது ஒரு சுற்று. சுற்றுக்கு ஆறு உதை, அதாவது கைக்கு மூன்று. ஆறு வரை எண்ணிக்கொண்டே நீந்தினால் மூச்செடுக்கும் இடத்தில் கணக்கு தொலைந்துவிடும். மனதுக்குள் "தகிட, தகிட" சொல்லிப் பழகுங்கள், அது கலையாது. வலது கை தண்ணீருக்குள் நுழைந்து முன்னால் நீளும்போது "த". அந்த உதை இடது காலுடையது. "கி" வலது, "ட" இடது. அடுத்து இடது கை நுழையும்போது "த" தானாகவே வலது காலில் விழும்.

கைக்கு ஒற்றைப்படையாக உதைப்பதால்தான் கால் இப்படி மாறி வருகிறது. "தக, தக" என்று இரண்டிரண்டாக உதைத்தால் இரண்டு கைக்கும் ஒரே கால்தான் அழுத்தும். இடுப்பு ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் இழுபடும். நான்கு உதையில் நீந்துபவர்களும் பெரும்பாலும் மூன்றும் ஒன்றுமாகத்தான் பிரித்துக்கொள்கிறார்கள்.

இனி உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். தொடைத் தசை பெரிது, ஒட்சிசனை அள்ளிக் குடிக்கும். கொழும்பில் ஆறு உதையோடு 100 மீட்டர் போகிறவருக்கு இங்கே பாதியிலேயே மூச்சு வாங்கலாம். தூரம் போக இரண்டு உதையே போதும். கைக்கு ஒன்று, "த" மட்டும், கி-ட இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே இதற்குப் போகாதீர்கள். உதை ஒரு நொடி பிந்தினாலும் கால் தாழ்ந்துவிடும், தூக்கிவிட அடுத்த உதை கிடையாது. முதல் சில மாதம் ஆறு உதையில் தாளம் ஊறட்டும்.

தாளம் அதிகம் உடைவது மூச்செடுக்கும்போதுதான். தலை திரும்பியதும் முன்னால் நீட்டிய கை தண்ணீரை அழுத்திக்கொண்டு கீழே போகும், உடல் அளவுக்கு மீறிப் புரளும், விழாமலிருக்கக் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி விரியும். பார்ப்பவர் காலைத் திருத்தச் சொல்வார். திருத்தவேண்டியது கையை. முகம் தண்ணீருக்குத் திரும்பும்வரை அந்தக் கை முன்னாலேயே நீண்டிருக்கட்டும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டால் வெளியே இழுக்க மட்டும் நேரம் போதும்.

மேடேறிப் பழகிய கால்களுக்கு இன்னொரு பழக்கம்: முழங்காலை மடக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பது. உதை இடுப்பிலிருந்து வரவேண்டும், முழங்கால் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பாதம் ஏறக்குறைய ஓர் அடி ஆழத்துக்குமேல் போகத் தேவையில்லை.

பயிற்சிகளில் நீடித்துப் பயன் தருவது பக்கவாட்டு உதை. ஒரு கை முன்னால், மறுகை தொடையோடு, கீழ்க்காது தண்ணீரில். ஆறு உதை, பிறகு ஒரு கை வீச்சில் மறுபக்கம். 25 மீட்டர், எட்டுத் தடவை. அடுத்த கிழமை ஆறு உதைக்குப் பிறகு மூன்று வீச்சு. மிதவைப் பலகையைப் பிடித்து உதைப்பது தொடைக்கு நல்லதுதான், ஆனால் உடல் திரும்பாததால் கைக்கும் காலுக்கும் சம்பந்தம் ஏற்படாது. அதற்கு ஐந்து நிமிடத்துக்குமேல் கொடுப்பது வீண்.

குளிர்ந்த தண்ணீரில் பாதத்தை விறைப்பாக நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்து, முழங்காலை நேராக்கி, விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களின் பக்கம் பழகப் போகவேண்டாம். அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது.