தேர்ப் படத்துக்கு ஜேபெக்கா, பிஎன்ஜியா?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று போனில் எடுத்த ஜேபெக் படங்களை, "பிஎன்ஜிதான் தரம்ண்ணே" என்று தம்பி ஒருத்தன் மொத்தமாக மாற்றி வைக்க, கம்ப்யூட்டரில் இடமே இல்லாமல் போனது. ஜேபெக் (JPEG), பிஎன்ஜி (PNG) இரண்டுமே படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகைகள்தான்.

கணக்கைப் பாருங்கள். 4000க்கு 3000 அளவுள்ள படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள்; புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். சுருக்காமல் வைத்தால் ஒரே படம் 36 எம்பி!

1992இல் தரநிலையான ஜேபெக், படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நம் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்விவரங்களையும் நிற வேறுபாடுகளையும் கழித்துவிடுகிறது, அதனால்தான் அந்தத் தேர் 4 எம்பியில் அடங்கியது. ஆனால் போனது போனதுதான். திருத்தித் திருத்திச் சேமித்தால் கோபுர விளிம்பு கலங்கும்.

பிஎன்ஜி எதையும் விடாது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி எழுதும், அவ்வளவே. அல்வாக் கடை விலைப்பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் என்றால் அருமை: வெள்ளைப் பரப்பு நிறைய, கோப்பும் சின்னது, எழுத்தும் கூர்மை. வடம் பிடிக்கும் கூட்டத்தில் எந்த இரண்டு புள்ளி ஒத்துப்போகும்? படம் 20 எம்பியைத் தாண்டியது. அப்புறம், ஜேபெக்கில் ஏற்கெனவே தொலைந்ததை பிஎன்ஜி மீட்டும் தராது. சும்மா இடம்தான் அடைத்தது.

நல்லவேளை, போனில் மூலப் படங்கள் இருந்தன. தம்பி மாற்றியதை எல்லாம் அழித்தாயிற்று; ஸ்கிரீன்ஷாட்கள் மட்டும் பிஎன்ஜியாகவே இருக்கின்றன.